வலது என்று அவள் சொன்னாள்

"நான்தான்க்கா தப்பா சொல்லியிருக்கேன். டென்ஷன்ல வலதுக்கு இடதுன்னு வாயில வந்திருக்கும்."

தர்ஷினி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொன்னபோது மடித்த வெள்ளைக் கோல் அவள் மடியில் கிடந்தது. அதன் ரப்பர் கயிற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். டப், டப் என்று அந்தச் சத்தம் என் அறையில் விழுந்துகொண்டே இருந்தது.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் நாலரை மணியோடு தேர்வு முடிவுக்கு அப்பீல் செய்யும் கெடு முடிகிறது.

"லெக்சரர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நாலாவது கேள்வி முழுக்க அடிபட்டுப் போச்சாம். சிறுமூளையில அடின்னா பாதிப்பும் அதே பக்கம்தான் வரும்க்கா, மத்த மூளை மாதிரி மாறி வராது. இது ஃபர்ஸ்ட் இயர்லயே எனக்குத் தெரியும். ஆனா பேப்பர்ல இடதுன்னு இருக்காம். நாலு இடத்துல." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தாள். "நாலு தடவையும் உளறியிருக்கேன் பாருங்க. அப்பீல்லாம் வேணாம் லா. என் வாய் செஞ்ச தப்புக்கு யார்கிட்ட போய் நிக்கிறது?"



அவள் உளறவில்லை. வலது என்றுதான் சொன்னாள். நாலு தடவையும் வலது. இடது என்று எழுதியது நான்.

பட்டத்தைத் திருப்பித் தருகிறேன்

போன வாரம் இந்தப் பத்தியில் லிஃப்ட் சண்டையைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். சக்கர நாற்காலி மாணவனின் வகுப்பை மூன்றாம் மாடியில் போட்ட துறைத்தலைவரை, நான் படிக்கட்டில் நிற்க வைத்துக் கேட்ட கேள்விகள் பலருக்கும் பிடித்திருக்கிறது. காஜாங்கிலிருந்து ஓர் ஐயா என்னை 'வீரத்தமிழச்சி' என்றே எழுதிவிட்டார். ஐயா, மன்னிக்கணும். இந்த வாரம் படித்துவிட்டு அந்தப் பட்டத்தை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓகேயூ, அதாவது மாற்றுத்திறனாளிகள் யூனிட் அதிகாரி. கண் தெரியாத, காது கேட்காத, நடக்க முடியாத பிள்ளைகள் மற்றவர்களைப் போலப் படித்துப் பரீட்சை எழுத என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் ஏற்பாடு செய்வது என் வேலை. ஏற்பாடு என்பது மரியாதைக்குச் சொல்வது. முக்கால்வாசி நேரம் சண்டைதான்.

சண்டை எனக்குப் புதிதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் கண் தெரியாதவர்கள் கோலால் தடவி நடப்பதற்காக நடைபாதையில் மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ரொட்டி சாப்பிடப் போகிற ஆசாமிகளை எனக்குக் கண்டாலே ஆகாது. "அண்ணே, இது என்ன உங்க வீட்டுக் கோலமா? எடுங்க மோட்டாரை" என்று நடுத்தெருவில் கத்தியிருக்கிறேன். என் கணவர் உயிரோடு இருந்தவரை என்னோடு பிரிக்ஃபீல்ட்ஸ் வரவே பயப்படுவார்.

ஒவ்வொரு வருடமும் புதிய தொண்டர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுப்பேன். முதல் நாள் முதல் வேலை, வெள்ளைப் பலகையில் ஒரே வரி எழுதுவது: 'கேட்காமல் உதவாதே.' கண் தெரியாதவர் ரோட்டோரம் நின்றால் கையைப் பிடித்து இழுக்காதே. அவர் ரோட்டைக் கடக்கத்தான் நிற்கிறாரா, கிராப் காருக்காக நிற்கிறாரா என்று உனக்கு எப்படித் தெரியும்? கேள். வேண்டும் என்றால் உன் முழங்கையைக் கொடு. அவர் பிடித்துக்கொள்ளட்டும். இதை நான் சொல்லும்போது பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள்.

நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பரீட்சை நாள்

தர்ஷினி கிள்ளான் பெண். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பிறவியிலேயே பார்வை இல்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில், "பிரிக்ஃபீல்ட்ஸ்ல மசாஜ் கத்துக்கட்டும், கைத்தொழில் ஆச்சு" என்றார்களாம். மசாஜ் கேவலமான தொழில் இல்லை, அதில் நிமிர்ந்து வாழ்கிறவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். ஆனால் இவள் கேட்டது உளவியல். அடம்பிடித்து வந்து சேர்ந்தாள்.

முதல் இரண்டு வருடம் அவளுக்கு ஸ்க்ரைப் வைத்துத்தான் பரீட்சை. ஸ்க்ரைப் என்றால் மாணவர் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதுகிற ஆள். ஆள் கிடைக்காத நாட்களில் நானே உட்கார்ந்து எழுதுவேன். அப்படி ஐந்து பேப்பர் எழுதியிருக்கிறேன். பிறகு பெரிய போராட்டம் நடத்தி, பேசும் மென்பொருள் போட்ட லேப்டாப்பில் அவளே எழுத அனுமதி வாங்கினோம். அதன் பிறகு அவள் யாருக்கும் விடை சொன்னதில்லை.

கடைசி செமஸ்டர், கடைசிப் பேப்பர், மூளையும் நடத்தையும் பற்றியது. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் நீலத் திரை. அப்டேட்டாம். சுற்றுகிறது, சுற்றுகிறது, முடியவே இல்லை. ஐடி ஆளைக் கூப்பிட்டால் "சாபார், காக்" என்கிறான். பொறுமை, அக்காவாம்! போனிலேயே அவனைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். மாற்று ஏற்பாடாக வரவேண்டிய ஸ்க்ரைப் பெண், ரயில் பழுதாகி பாதி வழியில் நிற்கிறாள்.

தர்ஷினி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வறண்டு போயிருந்தது.

"அக்கா, நீங்க எழுதறீங்களா?" என்றாள்.

"நான் இருக்கேன்மா, கவலைப்படாத" என்றேன்.

அந்தப் பேப்பர் வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். பாஸானால் அடுத்த மாதமே ஒரு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் பயிற்சிக்குச் சேரலாம். இடம் கொடுத்துவிட்டார்கள், படிப்பு முடிந்த கடிதம் மட்டும் காட்ட வேண்டும். கண் தெரியாத ஒருத்தியை அவர்கள் எடுப்பது அதுதான் முதல் தடவை. தவறினால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

எனக்குத் தெரிந்த மூளை

இங்கே என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. மூளையில் வலது பக்கம் அடைப்பு, விழுந்தது இடது கையும் இடது காலும். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "அங்க வலது, இங்க இடது. எப்பவும் மாறித்தான் வரும் மேடம்" என்று என் கையிலேயே தட்டிச் சொன்னார். அதன் பிறகு ஆறு வருடம் அந்த இடது கையை நான்தான் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்தேன். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எண்ணெய் தேய்த்தேன். குளிக்க வைக்கும்போது அது என் தோளில் கனமாகத் தொங்கும்.

ஆக, மூளையின் வலதும் உடம்பின் இடதும் எனக்குப் புத்தகம் படித்து வந்த ஞானம் இல்லை. என் தோளுக்குத் தெரியும். அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

நாலு இடம்

பரீட்சை அறையில் மூன்று பேர். தர்ஷினி, நான், மூலையில் கண்காணிப்பாளராக ஒரு மலாய்க்கார அம்மா. மேசை நடுவில் ஒலிப்பதிவுக் கருவி. ஸ்க்ரைப் பரீட்சை எல்லாமே பதிவாகும். பின்னால் ஏதாவது தகராறு வந்தால் கேட்பதற்காக வைத்திருப்பார்கள். அப்பீல் கெடு முடிந்த மறுவாரம் அழித்துவிடுவார்கள்.

நாலாவது கேள்வியை வாசித்தேன். ஒருவருக்கு எதையாவது எடுக்கப் போனால் வலது கை நடுங்குகிறது, நடக்கும்போது வலது பக்கமாகச் சாய்கிறார். மூளையில் அடி எங்கே, எந்தப் பக்கம்? அவருக்கு என்ன சோதனை வைப்பாய், குடும்பத்துக்கு என்ன சொல்வாய்? இப்படிப் போனது கேள்வி. ஏன் என்று விளக்கச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், என் மண்டையிலும் ஏறியிருக்கும்.

"சிறுமூளை, வலது பக்கம்" என்றாள் ஆங்கிலத்தில்.

என் பேனா நின்றுவிட்டது.

ஐயோ, வலது கை நடுங்கினால் அடி இடது பக்கமல்லவா? பாவம், லேப்டாப் பண்ணிய கூத்தில் பிள்ளை தடுமாறிவிட்டாள். தெரியாதவளா அவள்? தெரிந்த விஷயம், வாய் தவறிவிட்டது. ஒரு சொல். இந்த ஒரு சொல்லால் அவள் வாழ்க்கையே ஒரு வருடம் தள்ளிப் போக வேண்டுமா?

வாயைத் திறந்து "மறுபடி சொல்லு" என்று கேட்கக்கூடாது. குறிப்புக் கொடுத்ததாக ஆகிவிடும். விதி அது.

"எழுதிட்டீங்களா அக்கா?"

"ம்" என்றேன். இடது என்று எழுதினேன்.

முதல் இடத்தில் எழுதிவிட்டால் மற்ற இடங்களிலும் அப்படியே எழுதத்தானே வேண்டும்? அவள் வலது என்பாள், நான் இடது என்று எழுதுவேன். மூலையில் இருந்த அம்மா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொள்வேனோ என்று பயம். ஆனால் பயத்தோடு ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்கிற சந்தோஷம்.

"லாகி செபுலு மினிட்" என்றார் அந்த அம்மா. இன்னும் பத்து நிமிடம்.

கடைசியில் எழுதியதை மாணவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதுவும் விதி. தன் விடையைத் தன் காதால் சரிபார்க்க அவளுக்கு இருக்கிற ஒரே வழி அதுதான். நாலாவது விடைக்கு வந்தேன். தாளில் இடது என்று இருக்கிறது. நான் வலது என்று வாசித்தேன். நாலு இடத்திலும்.

தர்ஷினி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிக்கா, கரெக்டா இருக்கு. கொடுத்துருங்க" என்றாள்.

எழுதியதையாவது அவசர புத்தி என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வாசிப்புக்கு என்ன பெயர் வைப்பது? பொய்தான். கண் தெரியாத பிள்ளையிடம், அவள் தாளை வைத்துக்கொண்டே, முகத்துக்கு நேராகச் சொன்ன பொய்.

சும்மா இருந்தால் போதும்

அந்த வியாழக்கிழமைக்குத் திரும்புகிறேன். டப், டப்.

அவள் பேசிக்கொண்டே போனாள். அடுத்த வருடம் மறுபடி எழுதிக்கொள்கிறாளாம். மருத்துவமனைக்கு அவளே போன் பண்ணிச் சொல்லிவிடுவாளாம். அதுவரை கிள்ளானில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாளாம்.

"அம்மாகிட்டதான் இன்னும் சொல்லல. அவங்க ஃபேக்டரியில எல்லாருக்கும் இப்பவே லட்டு கொடுத்துட்டாங்க" என்றாள்.

நான் சும்மா இருந்தால் போதும். நாலரை மணி தாண்டினால் கெடு முடிந்தது, அடுத்த வாரம் பதிவு அழிந்தது. யாருக்கும் தெரியாது. அவளே தன் தப்பு என்று நம்பிவிட்டாள். அவள் தன் வாயையே சந்தேகப்படுகிறாள், என்னை இல்லை.

ஓய்வு பெற எனக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. அதை அப்போது நினைத்தேனா என்று கேட்டால், ஆமாம், நினைத்தேன்.

"யோசிச்சு முடிவெடு மா" என்றுதான் என் வாயில் வந்தது. அவள் எழுந்து, "சரிக்கா, போயிட்டு வரேன்" என்று கிளம்பிப் போனாள். என்னைப் போல ஒரு கோழையை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்று மாலை முழுக்க சிறுமூளையைப் பற்றிப் படித்தேன். எங்கே பார்த்தாலும் அதே பக்கம், அதே பக்கம், அதே பக்கம்.

கிள்ளான்

வெள்ளிக்கிழமை காலை லீவு சொல்லிவிட்டு, அப்பீல் பாரத்தையும் நடந்ததைக் கைப்பட எழுதிய என் வாக்குமூலத்தையும் எடுத்துக்கொண்டு தர்ஷினியின் ஃப்ளாட்டுக்குப் போனேன். பாரத்தில் மாணவர் கையெழுத்து வேண்டும். அவள் ஒப்புக்கொள்ளாமல் எதுவும் நடக்காது.

கதவைத் திறந்தது அவள் அம்மா. இரவு ஷிப்ட் முடிந்து வந்த முகம், கையில் கையுறை மாவு வாடை.

"மங்களா மேடம்! வாங்க, வாங்க. வீடு போட்டது போட்டபடி கிடக்கு, பார்க்காதீங்க. தர்ஷி, யாரு வந்திருக்கா பாரு!"

சூடாகப் பால் தே கலக்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "உங்களாலதான் மேடம் இவ இவ்ளோ தூரம் வந்தா. எங்க சாமி ரூம்ல உங்களுக்கும் சேர்த்துத்தான் விளக்கேத்தறேன்."

அந்தக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு! கீழே வைத்துவிட்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நீ சொன்னது சரி. மாற்றி எழுதியது நான். வாசிக்கும்போது மாற்றி வாசித்ததும் நான்.

அம்மாதான் முதலில் பேசினார்.

"என்ன மேடம் நீங்க, இதுக்குப் போய் கண் கலங்கறீங்க? நல்லதுக்குத்தானே பண்ணீங்க."

"அம்மா, நீ சும்மா இரு."

"இல்ல தர்ஷி, மேடம் உனக்காக..."

"எல்லாரும் நல்லதுக்குத்தான் பண்றாங்க!" தர்ஷினி குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "கேஎல் சென்ட்ரல்ல என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் சிரம்பான் ட்ரெய்ன்ல ஏத்தி விட்டானே, அவனும் நல்லதுக்குத்தான் பண்ணான். நான் கிள்ளான் போகணும்னு ஒருத்தனும் கேக்கல." என் பக்கம் திரும்பினாள். "எழுதினது இருக்கட்டும்க்கா. படிச்சுக் காட்டுனீங்களே, அப்ப?"

"மாத்திப் படிச்சேன்மா."

"நான் சரின்னு சொன்னேன்."

"ஆமா."

"ரெண்டு வாரமா நான் என் வாயைத் திட்டிக்கிட்டு இருக்கேன். தூங்காம யோசிச்சுப் பார்க்கறேன், எந்த நேரத்துல எனக்கு மூளை பிசகுச்சுன்னு."

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மணி பத்தரை. கதவு திறக்கவில்லை. பதினொன்றானது, பன்னிரண்டானது. அம்மா இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். நான் சோபா நுனியில் பாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை தொழுகைக்காகப் பல்கலைக்கழகக் கவுண்டர் மத்தியானம் மூடி, இரண்டே முக்காலுக்குத்தான் திறக்கும். நாலரைக்கு மூடும். இடையில் இருப்பது ஒன்றே முக்கால் மணி நேரம். உள்ளே அழுகைச் சத்தம்கூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. சுடிதார் மாற்றி, தலை வாரி, கோலோடு நின்றாள்.

"போலாம்" என்றாள்.

ஃபெடரல் ஹைவே

என் காரில் அவள் எப்போதும் முன் சீட்டில் உட்காருவாள். அன்று அம்மாவோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஷா ஆலம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் எங்கோ ஒரு லோரி கவிழ்ந்து, மூன்று தடமும் ஒரே தடமாகிவிட்டது. வைப்பர் ஓடுகிறது, கார் ஓடவில்லை. மூன்று மணி, மூன்றேகால். கவுண்டருக்குப் போன் அடித்தேன். "ஃபார்ம் கையில வரணும் மேடம், ஈமெயில் ஏத்துக்க மாட்டோம்" என்றார்கள். ஸ்டீரிங்கை ஓங்கிக் குத்தினேன்.

பின்னாலிருந்து தர்ஷினியின் குரல் வந்தது.

"ஃபர்ஸ்ட் இயர், செகண்ட் இயர்ல நீங்க அஞ்சு பேப்பர் எழுதுனீங்க."

"ஆமாம்மா."

"ரெண்டுல எனக்கு ஏ."

முன்னால் நின்ற காரின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுல எவ்வளவு என்னோடதுக்கா?"

"முழுக்க உன்னோடதுதான் தர்ஷி! சத்தியமா. அதுல நான் ஒரு புள்ளிகூட மாத்தல. இந்த ஒரு தடவைதான், இந்த ஒரு கேள்விதான்."

"இந்த ஒரு தடவையையும் நேத்து வரைக்கும் நீங்க சொல்லலையே."

அம்மா அவள் கையைப் பிடித்திருப்பார் போல. "விடும்மா" என்றாள் மெதுவாக. நான் அழுதேன். ரோடு சரியாகத் தெரியவில்லை. மழை என்று அம்மா நினைத்திருக்கலாம்.

பங்சார் பக்கம் திரும்பும்போது மணி நாலு. பார்க்கிங் தேடவில்லை, கட்டடத்து வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்கினேன். காவலாளி கத்தினார், கத்தட்டும். பழக்கத்தில் முழங்கையை நீட்டினேன். தர்ஷினி கோலை விரித்துத் தட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். அவள் அந்தக் கட்டடத்தில் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

கவுண்டர் பெண் திரையை அணைக்கக் கை வைத்திருந்தாள். பாரத்தையும் வாக்குமூலத்தையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். அவள் படித்துவிட்டு, என்னையும் தர்ஷினியையும் மாறி மாறிப் பார்த்து, முத்திரையைக் குத்தினாள். நாலு இருபத்தாறு.

பதிவு

விசாரணை இரண்டு வாரம் கழித்து நடந்தது. நீளமேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நானும் தர்ஷினியும், எங்களுக்கு நடுவே ஒரு நாற்காலி காலி. பதிவை ஓடவிட்டார்கள்.

"சிறுமூளை, வலது பக்கம்." தெளிவான குரல். தயக்கமே இல்லை. தடுமாறிவிட்டாள் என்று நான் முடிவு கட்டிய குரல் அதுதான்.

அப்புறம் ஒரு மௌனம். பேனா நிற்பது கேட்டது. "எழுதிட்டீங்களா அக்கா?" பிறகு என் குரல்: "ம்."

அந்த ஒரு "ம்" போல அசிங்கமான சத்தத்தை நான் கேட்டதில்லை. தர்ஷினி அதை முகம் திருப்பாமல் கேட்டாள். வாசித்துக் காட்டிய இடம் வந்தபோது விசாரணைக் குழுத் தலைவர் தாளில் விரல் வைத்துக்கொண்டு கேட்டார். தாளில் இடது, என் குரலில் வலது. நாலு தடவை.

அவள் சொன்னதை வைத்தே திருத்தச் சொல்லி அங்கேயே முடிவு செய்தார்கள். "உங்களுக்கு வேற ஏதாவது சொல்லணுமா?" என்று தலைவர் அவளிடம் கேட்டார். நன்றி சொல்லுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம்.

"இவங்க எழுதின மத்த அஞ்சு பேப்பரோட ரெக்கார்டிங்கும் கேக்கணும்."

அவையெல்லாம் கெடு முடிந்து எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன என்றார் தலைவர். விதிப்படிதான். அந்த விதியை எழுதிக் கொடுத்தது என் யூனிட். என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

"அப்போ அந்த அஞ்சையும் நான் திரும்ப எழுதறேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ஏற்கனவே பாஸ் பண்ணிட்டீங்க. பாஸ் பண்ணினதைத் திரும்ப எழுத விதியில இடமில்ல."

"எனக்குத் தெரியணும் சார். அது என் மார்க்கா, இவங்க மார்க்கான்னு."

அதற்கான பதில் என்னிடம் இருந்தது. நான் மாற்றவில்லை, ஒரு சொல்லும் மாற்றவில்லை. ஆனால் அதைச் சொல்ல என் வாய்க்கு மதிப்பு இருக்க வேண்டுமே.

கையெழுத்து

திருத்தியதில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். மருத்துவமனை சில நாள் பொறுத்தது, இடம் போகவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பரீட்சை அறைக்குள் இனிமேல் கால் வைக்கக்கூடாது என்றார்கள். இவ்வளவோடு விட்டதே பெரிது.

படிப்பு முடித்துப் போகிற மாணவர்கள் எங்கள் யூனிட்டில் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தர்ஷினி ஒரு திங்கட்கிழமை தனியாக வந்தாள். மருத்துவமனை அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. எனக்கு அப்படியே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பாரத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"படிச்சுக் காட்டவாம்மா?"

"வேணாம் மேடம். மேசையில வைங்க."

வைத்தேன். கைப்பேசியை எடுத்துத் தாளுக்கு மேலே பிடித்தாள். அது வாசிக்க ஆரம்பித்தது. உயிரில்லாத, வேகமான இயந்திரக் குரல். பெயர், மாணவர் எண், துறை. முகவரியை நான் அவசரத்தில் இரண்டு முறை அடித்திருந்தேன். அதையும் அப்படியே இரண்டு முறை வாசித்தது. கடைசி வரி வரைக்கும் கேட்டாள். பிறகு ஆரம்பத்திலிருந்து இன்னொரு முறை வாசிக்க வைத்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

பையிலிருந்து நடுவில் துளை வெட்டிய அட்டை ஒன்றை எடுத்து, விரலால் கோட்டைத் தேடி, துளைக்குள் கையெழுத்துப் போட்டாள். கோலை விரித்தாள்.

"போறேன் மேடம்" என்றாள்.

நம் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். 'போயிட்டு வரேன்' என்று திருத்திச் சொல்லுவாள் என்று, அவள் கோல் தட்டும் சத்தம் லிஃப்டுக்குள் போய் மறையும் வரை நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.